பெயின்ஸ்ஹில் நிலக்காட்சித் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தின் காபம் என்ற ஊரை ஒட்டி இருக்கும் பெயின்ஸ்ஹில் தோட்டத்துக்குப் போய்வந்தவர்களும் போக நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ஒரு விடையில் சொல்லியதைப் பின்னால் மறுபடி சொல்லாமல், முந்தைய விடையைச் சுட்டியிருக்கிறேன்.

இது பூங்காவா, தோட்டமா, காடா? தோட்டம் என்கிறார்கள், பூக்களையே அதிகம் காணோமே?

தோட்டம்தான், ஆனால் பூக்களுக்காக உருவாக்கப்பட்ட தோட்டம் அன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தின் செல்வந்தர்கள் பிரெஞ்சு, டச்சுப் பாணிகளைப் பின்பற்றி, நேர்கோட்டில் செல்லும் சாலைகளையும் கத்தரித்து வடிவம் கொடுத்த வேலிச்செடிகளையும் கட்டம் கட்டமாக அமைத்த பூப்பாத்திகளையும் விரும்பினார்கள். அந்த நூற்றாண்டின் முதற்பாதியிலேயே அந்த ரசனை மாறத் தொடங்கியது. மேடுபள்ளமான புல்வெளி, வளைந்து செல்லும் நீர்நிலை, ஆங்காங்கே மரக்கூட்டம், தொலைவில் ஒரு மண்டபம் அல்லது பாலம் என, இத்தாலிய நிலக்காட்சி ஓவியங்களில் கண்டதை மண்ணிலும் நீரிலும் மரங்களிலும் உருவாக்க முயன்றார்கள். அவ்வாறு உருவான தோட்டங்களுள் ஒன்றுதான் பெயின்ஸ்ஹில்.

பூக்கள் அறவே இல்லை என்று எண்ண வேண்டாம். புதர்ச்செடிகளின் ஓரங்களிலும் புல்வெளியில் தனித்தனியே அமைந்த செடித்திட்டுகளிலும் அவை உண்டு. ஆனால் இங்கே ஒவ்வொரு வளைவிலும் கண்முன் விரியும் காட்சியே முதன்மையானது. மற்றவை அதற்குத் துணையாக வருபவை.

இதை உருவாக்கியவர் யார்? அரசரா, பிரபுவா?

பிரபுவின் மகன். சார்லஸ் ஹாமில்டன் (1704–1786) ஆறாம் ஏபர்கார்ன் பிரபுவுக்கு ஒன்பதாவது மகனாகப் பிறந்தவர். குடும்பச் சொத்து மூத்த மகனுக்கே போகும் முறை வழங்கிய காலத்தில், ஒன்பதாவது மகனுக்குக் குடும்பப் பெயர் கிடைக்கும், பணம் கிடைக்காது. இளமையில் இருமுறை ஐரோப்பியச் சுற்றுப்பயணம் சென்று இத்தாலியைப் பார்த்துவந்த அவர், 1738 முதல் இங்கே நிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கத் தொடங்கினார். 200 ஏக்கருக்கு மேல் சேர்ந்த அந்த நிலத்தில் பெரும்பகுதி மணற்பாங்கான புதர்க்காடு. புதரை எரித்து, டர்னிப் கிழங்கு விதைத்து, அதை ஆடுகளுக்குத் தீனியாக்கி, அவற்றின் எருவால் மண்ணைத் தேற்றிய பிறகே அவரால் புல் வளர்க்க முடிந்தது. இன்று எல்லாரும் படமெடுக்கும் பசும்புல்வெளியின் அடியில் இந்த ஆட்டெருவின் வரலாறு இருக்கிறது.

பெரும்பாலும் கடனை நம்பியே வேலை நடந்தது. கடன் கொடுத்தவர்களுள் ஹென்றி ஃபாக்ஸ் என்ற அரசியல்வாதியும், வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி ஹோரும் உண்டு. ஹோர் தாமே ஸ்டவர்ஹெட் என்ற புகழ்பெற்ற தோட்டத்தை உருவாக்கியவர் என்பதால், ஹாமில்டனின் பித்து அவருக்குப் புரிந்திருக்கும். கடைசியில் கடனைத் தீர்க்க முடியாமல் 1773இல் பெஞ்சமின் பாண்ட் ஹாப்கின்ஸ் என்பவரிடம் தோட்டத்தை விற்றுவிட்டு ஹாமில்டன் பாத் நகரத்தில் குடியேறினார்.

இங்கிலாந்துத் தோட்டம் என்றாலே 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்கிறார்களே, இதுவும் அவர் செய்ததா?

இல்லை. புகழ்பெற்ற தோட்ட வடிவமைப்பாளரான பிரவுன் ஸ்டோவ் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தது 1741இல். அதற்குள் ஹாமில்டன் பெயின்ஸ்ஹில்லில் வேலையைத் தொடங்கிவிட்டார். தொழில்முறை வடிவமைப்பாளர் எவரையும் பொறுப்பாக அமர்த்தாமல், தோட்டத்தின் அமைப்பைத் தாமே தீர்மானித்தார்.

இருவரின் நோக்கமும் வேறு. மாளிகையைச் சுற்றிப் புல்வெளியும் மரக்கூட்டமும் ஏரியுமாக அமைதியான ஒரே பெருங்காட்சியை விரிப்பது பிரவுனின் வழி. ஹாமில்டனோ நடப்பவரின் மனநிலையை அடிக்கொருதரம் மாற்ற விரும்பினார். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கும், இருட்டிலிருந்து மறுபடி வெளிச்சத்துக்கும் நடத்திச் செல்கிறார். இரண்டில் எது மேல் என்று கேட்டால், ஒரு மணி நேரம் அமர்ந்து பார்ப்பதற்குப் பிரவுன், நடந்து பார்ப்பதற்கு ஹாமில்டன் என்பேன்.

சரி, மாளிகை எங்கே? சுற்றிச் சுற்றி வந்தும் கண்ணில் படவே இல்லை.

ஹாமில்டன் வாழ்ந்த வீடு ஆடம்பரமற்றது. பணத்தையும் கவனத்தையும் தோட்டத்திலேயே போட்டார். இன்று குன்றின் மேல் இருக்கும் பெரிய வீட்டைக் கட்டியவர் அவருக்குப் பின்வந்த ஹாப்கின்ஸ். அது தனியார் வசம் இருப்பதால் பார்வையாளர்கள் உள்ளே போக முடியாது. 1786இல் இங்கே வந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன், அந்த வீடு தவறான இடத்தில் அமைந்திருப்பதாகத் தம் குறிப்பில் எழுதினார். வீட்டிலிருந்து பார்ப்பதற்காக உருவாக்கப்படாத தோட்டத்தில் வீட்டை எங்கே வைத்தாலும் அந்தக் குறை வரத்தான் செய்யும்.

ஏரி இயற்கையாக அமைந்ததா, வெட்டியதா? பக்கத்தில் ஆறு ஓடுகிறதே, அந்தத் தண்ணீர்தானா?

வெட்டியது, தண்ணீர் ஆற்றினுடையதுதான். ஆனால் அது தானாக வந்து சேர்வதில்லை. தோட்டத்தின் ஓரமாக ஓடும் மோல் ஆறு தாழ்வான இடத்தில் ஓடுகிறது. ஏறத்தாழ 14 ஏக்கர் பரப்புள்ள ஏரி அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆகவே ஆற்றின் ஓட்டத்தாலேயே சுழலும் நீர்ச்சக்கரம் ஒன்றை வைத்து, ஆற்றுநீரை மேலே ஏற்றினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் மாபெரும் இரும்புச் சக்கரம் ஹாமில்டன் வைத்ததன்று. 1830களில் பிரமா நிறுவனம் செய்து கொடுத்தது. அதைப் பழுதுபார்த்து மறுபடி ஓட வைத்திருக்கிறார்கள்.

மேலேறிய நீர் பாறை அடுக்குகளின் வழியே சிற்றருவியாக விழுந்து ஏரியை அடைகிறது. அருவியைப் பார்ப்பவருக்கு அது மலைச்சுனை என்றே தோன்றும். சக்கரமும் குழாயும் நினைவுக்கு வராது. ஏரியின் வடிவத்திலும் இதே சாமர்த்தியம் உண்டு. கரை வளைந்து வளைந்து போவதாலும் இடையிடையே தீவுகள் மறைப்பதாலும், நீரின் முடிவு கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. அதனால்தான் பலரும் இதை ஆறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

வழியெல்லாம் கோயில், கோபுரம், கூடாரம் என்று இருக்கிறதே, இவற்றில் யார் இருந்தார்கள்?

யாரும் குடியிருக்கவில்லை. இவை காட்சிக்காக எழுப்பியவை. தொலைவில் இருந்து பார்க்கும்போது கண் சென்று நிற்க ஓர் இடம் வேண்டும். நடந்து அங்கே போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து அடுத்த காட்சி தெரிய வேண்டும். ஒவ்வொரு கட்டடமும் இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது.

கோதிக் மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோதிக் என்பது கூரான வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி. பசுமை மாறாத புதர்கள் சூழ்ந்த நீள்வட்டப் புல்வெளி ஒன்றின் முனையில் பத்துப் பக்கங்களுடன் வெண்மையாக நிற்கிறது. புல்வெளியில் நடந்து வரும் வரை, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. மண்டபத்துக்குள் கால் வைத்து எதிர்ப்புற வளைவின் வழியே பார்த்தால், நிலம் சட்டெனச் சரிந்து, கீழே ஏரியும் பாலமும் குகைத்தீவும் விரிகின்றன. பூத்தையலைப் போன்ற வளைவுகளைப் பார்த்துக் கல் வேலைப்பாடு என்று வியந்தபடி கையை வைத்தால், அது மரம். இந்த 'கல்லல்ல' என்ற செய்தி பெயின்ஸ்ஹில்லில் அடிக்கடி வரும். பின்வரும் பல விடைகளுக்கும் அதுவே அடிப்படை.

குகை நிஜமான குகையா? உள்ளே தொங்குபவை இயற்கையான சுண்ணாம்பு விழுதுகளா?

இரண்டும் செயற்கை. பெயின்ஸ்ஹில்லுக்கு ஒருமுறைதான் போக முடியும் என்பவர்கள் தவறவிடக் கூடாத இடமும் இதுதான். 1760களில் இந்தக் குகையைக் கட்டியவர் வில்ட்ஷயரின் டிஸ்பரி ஊரைச் சேர்ந்த ஜோசஃப் லேன் என்ற கொத்தனார். அவருடைய மகன் ஜோசையா லேனும் இதே கலையில் பெயர் பெற்றவர். ஹாமில்டன் முதிய வயதில் பௌவுட் தோட்டத்துக்கு யோசனை சொல்லி அமைத்த அருவியைக் கட்டியவரும் இந்த ஜோசையாதான்.

குகையின் எலும்புக்கூடு செங்கல். வெளிப்புறத்தில் துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறைத் துண்டுகளைப் பதித்து, பல காலம் நீர் அரித்த பாறை போலத் தோன்றச் செய்தார்கள். உள்ளே தொங்கும் விழுதுகளுக்கு முதலில் மெல்லிய மரப்பட்டிகளால் தலைகீழ்க் கூம்புகள் கட்டி, மேலே சுண்ணச்சாந்து பூசி, அதில் கால்சைட், ஜிப்சம், ஃபுளோரைட், குவார்ட்ஸ் போன்ற படிகத் துண்டுகளைக் கையாலேயே ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். ஏரியை நோக்கிய திறப்புகள் வழியாக உள்ளே வரும் வெயில் நீர்ப்பரப்பில் பட்டுச் சிதறி, அந்தப் படிகங்களில் அசைந்துகொண்டே இருக்கும். மேகமூட்டமான நாளில் போனவர்கள் 'சாம்பல் நிறமாக இருந்தது' என்று குறைப்படுவது இதனால்தான். இயன்றவரை வெயில் இருக்கும் நேரத்தில் போங்கள்.

முதன்மைக் கூடத்தின் கூரை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இடிந்து விழுந்து, படிகங்களும் சாந்தும் தரையில் குவிந்துகிடந்தன. அந்தக் குவியலில் கிடைத்த துண்டுகளைப் படித்தே பழைய வேலைமுறையைக் கண்டுபிடித்து, அதே முறையில் மறுபடி செய்தார்கள். பல ஆண்டுகள் நீடித்த அந்த வேலை 2013இல் முடிந்தது. இலட்சக்கணக்கான படிகங்கள் தேவைப்பட்டன என்றால், அவசரத்தில் செய்திருக்க முடியாது என்பது புரியும்.

சம்பளத்துக்கு ஒரு துறவியை வைத்திருந்தாராமே ஹாமில்டன்? உண்மையா?

துறவிக் குடில் இருந்தது உண்மை. துறவியைப் பற்றிய கதை கதையாகவே கொள்ளத்தக்கது. ஹாமில்டன் விளம்பரம் செய்து ஒருவரைப் பிடித்தார். ஏழு ஆண்டுகள் முடிவெட்டாமல், நகம் வெட்டாமல், யாருடனும் பேசாமல், கையில் ஒரு விவிலியத்துடன் குடிலில் இருந்தால் 700 பவுண்டு தருவதாக ஒப்பந்தம் போட்டார். வந்தவரோ மூன்று வாரத்தில் மதுக்கடையில் பிடிபட்டு வேலையை இழந்தார். இப்படித்தான் கதை போகிறது. பின்னாளில் எழுதியவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிப் பரப்பிய கதை இது. தொகையும் விவரங்களும் எழுதுபவருக்கு எழுதுபவர் மாறுகின்றன.

ஆனால் இந்தக் கதை ஏன் உயிரோடு இருக்கிறது என்பதைக் குடிலைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். ஊசியிலை மரங்கள் அடர்ந்த சரிவில், முறுக்கிக்கொண்ட மரத்தண்டுகளையே கால்களாகக் கொண்டு, கூரை வேய்ந்து நிற்கிறது அது. இந்தக் காட்டுப்பகுதியைத்தான் அக்கால எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் தம் தோட்டக்கலைக் கட்டுரையில், முரட்டு மலைக்காடு போன்ற தோட்ட வகைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாகப் பாராட்டினார். அத்தகைய இடத்தில் குடிலை மட்டும் வைத்துவிட்டுப் போனாலும், பார்ப்பவர்கள் துறவியைத் தாங்களே உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். இன்று நிற்கும் குடில் மறுசீரமைப்பில் புதிதாகக் கட்டியது. முதலாவது எப்போதோ மறைந்துவிட்டது.

பாக்கஸ் கோயில் காகிதத்தால் ஆனது என்று யாரோ சொன்னார்கள். கேலிதானே?

கேலியில்லை. பாக்கஸ் ரோமானியரின் மதுக்கடவுள். தூண்கள் வரிசையாக நிற்கும், ரோமானியக் கோயில் போன்ற அந்தக் கட்டடத்தின் வெளி அலங்காரங்கள், தூண்தலைப்புகள் உட்பட, காகிதக்கூழால் வார்த்து வண்ணம் பூசப்பட்டவை. இங்கிலாந்தின் மழையில் காகிதக்கூழா என்று நீங்கள் கேட்கலாம். எண்ணெய் வண்ணம் நன்றாகப் பூசிப் பராமரித்தால் அது எதிர்பார்ப்பதைவிட நீண்ட காலம் தாங்கும். கடனில் ஓடிய தோட்டத்தில், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாதபோது பளிங்குக்கு யார் காசு கொடுப்பது?

கோயிலுக்குள் நின்ற பாக்கஸ் சிலை மட்டும் விலை உயர்ந்த அசல்; ஹாமில்டன் இத்தாலியிலிருந்து வரவழைத்தது. 1797இல் வில்லியம் பெக்ஃபோர்டு அதை வாங்கிச் சென்றார். பல கைகள் மாறி, இப்போது கேம்பிரிட்ஜ்ஷயரின் ஆங்கிள்சி அபி மாளிகையில் இருக்கிறது. கோயிலை மறுபடி கட்டியபோது, அந்தச் சிலையை அளந்து மறுபிரதி செய்து இங்கே நிறுத்தினார்கள். விலை மலிந்த கட்டடத்துக்குள் விலை உயர்ந்த சிலை என்ற ஹாமில்டனின் கணக்கு இதனால் தலைகீழாகிவிட்டது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இடிந்த மடாலயம் எந்தக் காலத்தது? எட்டாம் ஹென்றி இடித்த மடங்களில் ஒன்றா?

அப்படி நினைக்க வேண்டும் என்பதே ஹாமில்டனின் ஆசை. ஆனால் அது இடிந்த நிலையிலேயே 1772இல் கட்டப்பட்டது. தோட்டத்தை விற்பதற்கு முந்தைய ஆண்டு. செங்கல்லில் கட்டி, மேலே சாந்து பூசி, கல் அடுக்குப் போலக் கோடு கிழித்தார்கள். கூரை ஓடுகளும் செங்கற்களும் சுட்டு விற்கலாம் என்று ஹாமில்டன் அந்த இடத்தில் தொடங்கிய சூளைத் தொழில் பொய்த்துப்போனதால், அதன் அடையாளத்தை மறைக்க எழுப்பியது என்று சொல்வார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் நின்று, நீரில் அதன் நிழலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அருகே போய்ப் பின்பக்கம் சுற்றினால், நாடக மேடைத் திரையின் பின்புறத்தைப் பார்த்த ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மரங்களில் என்ன விசேஷம்? எல்லாம் ஓக்கும் பைனும்தானே?

ஹாமில்டன் காலத்தில் பெயின்ஸ்ஹில்லுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் மரம் பார்க்கவே வந்திருப்பார்கள். ஃபிலடெல்ஃபியாவில் வாழ்ந்த ஜான் பார்ட்ரம் என்ற விவசாயி, அமெரிக்கக் காடுகளில் திரிந்து விதைகளைச் சேர்த்து, ஒரு பெட்டியில் ஏறத்தாழ நூறு வகை விதைகளை அடுக்கி, பெட்டி ஐந்து கினி (அக்கால ஆங்கிலப் பொற்காசு) விலையில் லண்டனுக்கு அனுப்பிவந்தார். லண்டன் துணி வணிகரான பீட்டர் காலின்சன் அவற்றைச் செல்வந்தர்களிடையே பகிர்ந்தளித்தார். அவ்வாறு வந்த மக்னோலியா, கால்மியா, துலிப் மரம் போன்றவை இங்கிலாந்து மண்ணில் புதுமையாக வேர்விட்ட தோட்டங்களில் இதுவும் ஒன்று. இந்தத் தொடர்பை ஒட்டி, பார்ட்ரம் அனுப்பிய செடிவகைகளின் தேசியத் தொகுப்பு ஒன்று இப்போது இங்கே பேணப்படுகிறது.

செடிகளை அடுக்கிய முறையையும் பாருங்கள்: குட்டையானவை முன்னே, அவற்றுக்குப் பின்னே சற்று உயரமானவை, கடைசியில் மரங்கள். தனியே நிற்கும் மரங்களில் முதலிடம், கிளைகளை நாலாபுறமும் விரித்து நிற்கும் பெரிய லெபனான் கேதுருவுக்கு. ஐரோப்பாவிலேயே அதன் வகையில் மிகப் பெரியது என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஜெஃபர்சனுக்கு மட்டும் இங்கே பசுமை மாறா மரங்கள் அளவுக்கு மீறித் தெரிந்தன. அதே ஆண்டில் தனியே வந்த, அவரைப் போலவே பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ், தாம் அதுவரை கண்ட கலைவேலைகளில் மனத்தை மிகவும் கவர்ந்தது பெயின்ஸ்ஹில்தான் என்று நாட்குறிப்பில் எழுதினார். பின்னாளில் அரசியலிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

ஏரிக்கரைச் சரிவில் திராட்சைக் கொடிகள் இருக்கின்றனவே, இங்கிலாந்தில் திராட்சை விளையுமா?

விளையும், தெற்கு நோக்கிய சரிவு வேண்டும். ஹாமில்டன் இங்கே கொடி நட்டது அழகுக்கும் வருவாய்க்கும். டேவிட் ஜெனஸ்ட் என்ற பிரெஞ்சு வம்சாவழித் தொழிலாளியை அமர்த்தி, ஷாம்பெய்ன் போல நுரைக்கும் வைன் செய்து விற்றார். அந்தச் சரிவில் 1990களில் மறுபடி கொடிகளை நட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு புகழோடு இருந்த இடம் எப்படிப் பாழாய்ப்போனது?

ஒரே நாளில் நடக்கவில்லை. ஹாப்கின்ஸுக்குப் பிறகும் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் உரிமையாளர்கள் ஓரளவு பராமரித்துவந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கனடாப் படையினர் இங்கே தங்கினார்கள். போருக்குப் பின், 1940களின் இறுதியில், நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஒரு துண்டில் விவசாயம், ஒரு துண்டில் மர வளர்ப்பு என்று ஆனபின், பலவற்றை இணைத்து ஒரே காட்சியாக்கிய தோட்டம் இருப்பதற்கு வழியே இல்லை. ஏரி சேற்றால் தூர்ந்தது. ரோடோடென்ட்ரானும் லாரலும் நடைபாதைகளை விழுங்கின. கோதிக் கோபுரம் 1973இல் தீப்பற்றி எரிந்து உள்ளே வெறுங்கூடானது.

உள்ளூர் மக்களும் தோட்ட வரலாற்று ஆர்வலர்களும் தொடர்ந்து குரல் கொடுத்ததன் விளைவாக, 1980இல் எல்ம்பிரிட்ஜ் நகராட்சி 158 ஏக்கரை வாங்கியது. மறு ஆண்டு மறுசீரமைப்புக்காகவே பெயின்ஸ்ஹில் பார்க் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. 1998இல் இந்த வேலைக்கு ஐரோப்பிய மரபுச்சின்னப் பாதுகாப்பு அமைப்பான யூரோப்பா நோஸ்ட்ராவின் பதக்கம் கிடைத்தது. துண்டான நிலத்தைச் சேர்த்து வாங்கியதே மறுசீரமைப்பின் பாதி வேலை என்பது என் எண்ணம். ஒரு மண்டபம் ஒருவர் கையிலும் அதன் காட்சி இன்னொருவர் கையிலும் இருந்தால் எந்த வல்லுநராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஹாமில்டன் விட்டுச்சென்ற வரைபடம் எதுவும் இல்லையாமே? பிறகு எது எங்கே இருந்தது என்று எப்படித் தெரிந்தது?

அவர் முழுத் திட்ட வரைபடம் விட்டுச்செல்லவில்லை. வந்தவர்கள் எழுதி வைத்தார்கள், வரைந்து வைத்தார்கள். காபம் ஊரின் விடுதிகளில் சிறு குதிரைவண்டிகளை வாடகைக்கு எடுத்துச் சுற்றிப் பார்க்கும் அளவுக்கு அக்காலத்திலேயே பார்வையாளர் கூட்டம் இருந்தது. 1763இல் வந்த ஜான் பார்னெல் நாட்குறிப்பில் கட்டடம் கட்டடமாக விவரித்தார். துருக்கியக் கூடாரத்தின் வெள்ளைத் திரையும் நீலக் குஞ்சமும் அத்தகைய விவரிப்புகளிலிருந்து மீண்டவை. தாமஸ் வேட்லி 1770இல் வெளியிட்ட தோட்டக்கலை நூலில் நடைவழியின் வரிசையே கிடைக்கிறது. வில்லியம் வுலெட்டின் 1760ஆம் ஆண்டுச் செதுக்குப்படம் ஏரிக் காட்சியைக் காட்டுகிறது. ஸ்வீடன் நாட்டு ஃப்ரெட்ரிக் மக்னஸ் பைப்பர், சில ஆண்டுகளுக்குப் பின் வந்து குகையையும் நீர் ஏற்றும் பொறியையும் வரைந்தார். ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்காக வெட்ஜ்வுட் நிறுவனம் 1773–74இல் செய்த, தவளைச் சின்னம் பொறித்த விருந்துப் பாத்திரத் தொகுதியிலும் பெயின்ஸ்ஹில் காட்சிகள் உண்டு.

காகிதத்தில் கிடைக்காததை மண்ணில் தேடினார்கள். அகழ்ந்து அடித்தளங்களையும் பழைய சரளைப் பாதைகளையும் கண்டார்கள். நிற்கும் மரங்களையும் வெட்டுண்ட அடிக்கட்டைகளையும் கணக்கெடுத்து, வயதைக் கணித்து, ஹாமில்டன் காலத்தவை எவை, பின்னால் தானாக முளைத்தவை எவை என்று பிரித்தார்கள். நன்கு வளர்ந்த மரத்தை வெட்டுவதா என்று கேட்பவர்கள் உண்டு. காட்சியின் குறுக்கே தானாக முளைத்த மரத்தை விட்டுவைத்தால், அதன் பின்னால் இருக்கும் மண்டபத்தைக் கட்டியும் பயனில்லை.

அப்படியானால் பெரும்பாலும் புதிதாகக் கட்டியவைதானே? இதைப் பழமை என்று காட்டுவது ஏமாற்று வேலை இல்லையா?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்டவர்களும் உண்டு, நியாயமான கேள்விதான். முதலில் எது எது என்று பிரித்துக்கொள்வோம். நிலத்தின் ஏற்ற இறக்கம், ஏரி, சில பழைய மரங்கள், குகையின் செங்கல் உடல், கோதிக் கோபுரத்தின் சுவர்கள், மடாலயம், கோதிக் மண்டபம் ஆகியவை பழையவை, பழுதுபார்க்கப்பட்டவை. சீனப் பாலம், துருக்கியக் கூடாரம், துறவிக் குடில், பாக்கஸ் கோயில் ஆகியவை ஆதாரங்களைக் கொண்டு புதிதாக எழுப்பியவை.

ஒரு கற்கோயிலை இப்படி மறுபடி கட்டியிருந்தால் நானும் தயங்குவேன். அங்கே கல்லில் உளி பட்ட தடமே மதிப்பு. இங்கே மரத்தைக் கல்லாகவும், செங்கல்லைப் பாறையாகவும், காகிதக்கூழைப் பளிங்காகவும் காட்டியது ஹாமில்டனே. கூடாரத்துணி அவர் காலத்திலேயே பலமுறை மாறியிருக்க வேண்டும். அவர் உருவாக்கிய மூலப்படைப்பு கட்டடங்களில் இல்லை, ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது கிடைக்கும் காட்சியில் இருக்கிறது. அந்த இடத்தில் அந்த உயரத்தில் அந்த வெண்மை மீண்டும் தெரிந்தால், அவருடைய தோட்டம் மீண்டது என்றே கொள்ளலாம். ஆனால் எது புதியது என்பதைப் பார்வையாளரிடம் மறைக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

அதே நியாயப்படி கல்லறை மண்டபத்தையும் கட்டி முடிக்க வேண்டியதுதானே? அதை மட்டும் ஏன் இடிந்தபடி விட்டிருக்கிறார்கள்?

இது சிக்கலான இடம். சிதைந்த ரோமானிய வெற்றி வளைவு போல, ஈமத்தாழிகளை உள்ளே வைத்து, ஆற்றோரத்தில் ஹாமில்டன் கட்டியது அது. மேலே சொன்ன தவளைச் சின்னப் பாத்திரங்களில் அதன் முழு உருவம் இருக்கிறது. பின்னர் வளைவு உண்மையாகவே விழுந்துவிட்டது. பக்கச்சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அதாவது, பொய்யாகச் சிதைந்திருந்த ஒன்று மெய்யாகவே சிதைந்தது. வளைவை மறுபடி கட்டினால் பொய்ச்சிதைவு மீளும்; கட்டாவிட்டால் மெய்ச்சிதைவு நிற்கும். இரண்டாவதில் ஹாமில்டன் விரும்பிய உணர்ச்சி, அதாவது காலம் எல்லாவற்றையும் தின்னும் என்ற எண்ணம், பார்ப்பவருக்கு எப்படியும் கிடைக்கிறது. வளைவின் வழியே தெரிய வேண்டிய காட்சி மட்டும் தன் படச்சட்டத்தை இழந்து நிற்கிறது. முந்தைய விடையில் காட்சிதான் மூலம் என்று சொன்ன நான், அந்த அளவுகோலையே இங்கும் வைத்தால் கட்டத்தான் வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆனாலும் இருப்பதைத் தாங்கிப்பிடித்து விட்டுவைத்ததே சரி என்று படுகிறது. எஞ்சியிருக்கும் ஹாமில்டன் காலத்துச் சுவரின் மேல் புதிய எடையை ஏற்றுவது எளிய முடிவன்று.

ஸ்டவர்ஹெட், ஸ்டோவ், பெயின்ஸ்ஹில்: ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. எதற்குப் போவது?

ஒரே ஏரியைச் சுற்றிக் கோயில்கள் அணிவகுக்கும் ஒழுங்கான அழகு வேண்டுமென்றால் ஸ்டவர்ஹெட். பரப்பிலும் அரசியல் குறிப்புகள் நிறைந்த கட்டடங்களின் எண்ணிக்கையிலும் பெரியது வேண்டுமென்றால் ஸ்டோவ். அழிந்த தோட்டத்தை எப்படி மீட்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றாலும், லண்டனிலிருந்து அரைநாளில் போய்வர வேண்டுமென்றாலும் பெயின்ஸ்ஹில். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், குகையை முன்னிட்டு, இதையே சொல்வேன்.

எந்தப் பக்கமாகச் சுற்றினால் என்ன? எப்படியும் ஏரியைச் சுற்றித்தானே வரப்போகிறோம்?

வேறுபாடு உண்டு. இன்றைய நுழைவாயில் ஹாமில்டனின் விருந்தினர்கள் வந்த வழியன்று. ஆகவே நடையை எங்கே தொடங்குவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். முதலில், மேலே சொன்ன நீள்வட்டப் புல்வெளிக்கு ஏறிப் போய், கோதிக் மண்டபத்திலிருந்து ஏரியை முதன்முறையாகப் பாருங்கள். பிறகு சரிவில் இறங்கி மடாலயம், சீனப் பாலம், குகை, கல்லறை மண்டபம், அருவி, நீர்ச்சக்கரம் என்று போய், காட்டுக்குள் துறவிக் குடிலையும், 99 படிகள் கொண்ட கோதிக் கோபுரத்தையும் பார்த்துவிட்டு, பாக்கஸ் கோயில் நிற்கும் திறந்த வெளிக்கு வாருங்கள். இருண்ட காட்டிலிருந்து வெயிலுக்கு வருவதுதான் இந்த நடையின் உச்சம். எதிர்த்திசையில் வந்தால் வெயிலிலிருந்து இருட்டுக்குள் போவீர்கள். கோதிக் மண்டபத்தை அடையும்போது ஏரி பார்த்துப் பழகியதாகியிருக்கும். முழுச்சுற்று ஏறத்தாழ இரண்டு மைல். நின்று பார்க்க மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். குகையும் கோபுரமும் எல்லா நாட்களிலும் திறந்திருக்கும் என்று எண்ணாமல், கிளம்புமுன் நேரத்தை விசாரித்துவிடுங்கள்.